பழைய வீட்டுச் சுவரில் விரிசலா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

போன மே மாதம் சென்னையின் மேற்குப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனேன். 1986இல் கட்டியது, முக்கால் கிரவுண்டு, கீழே இரண்டு ரூம், மேலே ஒன்று. வீட்டுக்காரர் தங்கமான மனிதர், காபி கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். எல்லா அறையிலும் பத்து வருஷத்து டிஸ்டெம்பர், ஹாலில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட், வாசனைகூட இன்னும் போகவில்லை. அதில் தொங்கிய காலண்டரைத் தூக்கிப் பார்த்தால், ஜன்னல் மூலையில் தொடங்கி சாய்வாக ஏறி சீலிங் வரை போகிறது ஒரு விரிசல். பட்டி பார்த்து மூடியிருக்கிறார்கள், அந்தப் பட்டியே நடுவில் பிளந்து கிடக்கிறது. என் ஏடிஎம் கார்டு அதற்குள் பாதி வரை தடையில்லாமல் போனது.

கூட வந்த மாமா கோவில்பட்டிப் பக்கம் முப்பது வருஷம் மேஸ்திரி வேலை பார்த்தவர். நான் மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அவர் சொன்னது இதுதான்: "ஏலே, எத்தனை நீளம்னு பாக்காத. எந்தப் பக்கம் ஏறுது, எங்க வாயைத் தொறந்திருக்குன்னு பாரு." அதற்குப் பிறகு ஏழெட்டு வீடு பார்த்துவிட்டேன், எல்லா இடத்திலும் அந்த வார்த்தைதான் கை கொடுத்தது. தலைமுடி மாதிரி ஒரு கீறலைப் பார்த்து நல்ல வீட்டை விட்டவர்களும் இருக்கிறார்கள், சன்ஷேட் மேல் ஓடிய சின்னக் கோட்டை விட்டுவிட்டு மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு அறிகுறியாகச் சொல்கிறேன், நீங்கள் பார்க்கும் வீட்டில் எது இருக்கிறதோ அதைப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கையில் என்ன எடுத்துப் போவது

நல்ல டார்ச், பென்சில், அளவு டேப், ஒரு நாணயம், கோலிகுண்டு, நூலில் கட்டிய தூக்குக்குண்டு, ஒரு ஏடிஎம் கார்டு. கார்டின் கனம் 0.76 மில்லிமீட்டர், எந்த வங்கிக் கார்டானாலும் அதே அளவுதான். சாதாரண ஏ4 தாள் சுமார் 0.1 மில்லிமீட்டர். தாள்கூட நுழையாத கீறல் ஒரு ரகம், கார்டு நுழைவது வேறு ரகம், இரண்டு கார்டைச் சேர்த்து வைத்தும் நுழைந்தால் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் செங்கல் சுவர்களுக்கு வகுத்த ஒரு கணக்கு உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. 1 மில்லிமீட்டர் வரை பெயின்ட் அடிக்கும்போது சரியாகிவிடும், 5 வரை அடைத்துப் பூசினால் போதும், 5 முதல் 15 வரை கொத்தனார் உடைத்துக் கட்ட வேண்டிவரும், 15க்கு மேல் போனால் பெரிய வேலை, 25ஐத் தாண்டினால் சுவர் நிற்குமா என்பதே கேள்வி. ஆனால் இது செங்கல் சுவருக்கு மட்டும். பில்லர், பீம், ஸ்லாப் இவற்றில் அரை மில்லிமீட்டர் விரிசலையும் சும்மா விடக்கூடாது.

எந்த விரிசலானாலும் டார்ச்சைச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் அடித்து உள்ளே பாருங்கள். உள்ளே பழைய பெயின்ட் இறங்கியிருந்தால், ஒட்டடையும் தூசியும் அடைந்திருந்தால், அந்தப் பெயின்டுக்கு முன்பே வந்த விரிசல் அது. ஓரங்கள் கூர்மையாக, உள்ளே செங்கல் நிறம் பளிச்சென்று தெரிந்தால் புதுசு. அடைத்த பட்டி மறுபடி பிளந்திருந்தால் இன்னும் நகர்கிறது, அது உண்மையில் பயப்பட வேண்டிய விஷயம். அப்புறம் சுவரின் மறுபக்கம் போய் அதே உயரத்தில் பாருங்கள். இரண்டு பக்கமும் இருந்தால் சுவரே பிளந்திருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் பூச்சு.

சிலந்தி வலை மாதிரி கீறல்கள்

பூச்சில் சிமென்ட் அதிகமாகிவிட்டது, அல்லது சரியாகத் தண்ணீர் காட்டவில்லை. நாணயத்தால் தட்டுங்கள், கெட்டிச் சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். பொந்துச் சத்தம் வந்தால் பூச்சு செங்கலை விட்டுக் கழன்றிருக்கிறது, அந்த இடத்தை மட்டும் கொத்திப் பூச வேண்டும். வீடு வாங்குவதை நிறுத்தும் விஷயம் இல்லை.

பில்லரும் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடு

பில்லரும் பீமும் பாரத்தைத் தாங்கும் பிரேம் கட்டடங்களில் சகஜம். கான்கிரீட்டும் செங்கலும் ஒரே மாதிரி சுருங்கி விரிவதில்லை, அந்த இடத்தில் கோழிவலை அடித்துப் பூசாமல் விட்டிருப்பார்கள். கோடு ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கிறதா, அகலம் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் ஆமாம் என்றால் வலை அடித்துப் பூசினால் தீர்ந்தது.

மேல் மாடியில், சீலிங்குக்குக் கீழே படுக்கைக்கோடு

மேற்கு, தெற்குச் சுவர்களில் அதிகம் பார்க்கலாம். வெயிலில் மொட்டை மாடி ஸ்லாப் விரிகிறது, இரவில் சுருங்குகிறது, அடியில் இருக்கும் சுவர் அந்த அளவுக்கு நகர்வதில்லை. 10 மீட்டர் நீள ஸ்லாப் 30 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும், அந்த 3 மில்லிமீட்டர்தான் சீலிங் ஓரத்தில் கோடாகத் தெரிகிறது. கீழ்த் தளத்தில் இல்லாமல் மேல் தளத்தில் மட்டும் இருந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதித்த பழைய தளம் நன்றாக இருந்தால் கீழே இந்தக் கோடு குறைவாகத்தான் இருக்கும். யாராவது அதைப் பெயர்த்துவிட்டு வெறும் சிமென்ட் போட்டிருந்தால் வெயில் நேரே ஸ்லாபில் இறங்கும். இதைச் சிமென்ட் வைத்து அடைத்தால் அடுத்த கோடையில் திரும்ப வரும், இளகிக் கொடுக்கும் சீலன்ட் போட்டு, மேலே குளிர்ச்சித் தளமோ வெள்ளைப் பூச்சோ கொடுக்க வேண்டும். செலவு உண்டு, ஆபத்து இல்லை. ஆனால் அந்தக் கோட்டின் வழியே மழைத்தண்ணீர் இறங்கிய கறை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இருந்தால் ஸ்லாபுக்குள் இருக்கும் கம்பியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக, அல்லது செங்கல் சந்தில் படிப்படியாக

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

சின்னதாக, ஒரே ஒரு ஜன்னல் மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு இருந்தால் லிண்டல் (ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் குறுக்குக் கட்டை) பக்கவாட்டில் போதுமான அளவு உட்காரவில்லை, அல்லது மூலையில் அழுத்தம் கூடி வந்த கீறல். தப்பில்லை. ஆனால் அது நீண்டு சீலிங்கையோ தரையையோ தொட்டால், வெளிப்பக்கமும் தெரிந்தால், அதே பக்கத்தில் இருக்கும் அடுத்த ஜன்னலிலும் அதே சாய்வில் இருந்தால், கடைக்கால், அதாவது அஸ்திவாரம், ஒரு இடத்தில் மட்டும் இறங்குகிறது.

எந்த இடம் என்று விரிசலே சொல்லும். சாய்வுக்கோடு மேலே ஏறிப் போகும் பக்கம்தான் இறங்கும் பக்கம். வலது மூலை இறங்கினால் கோடு இடது கீழிலிருந்து வலது மேலே போகும், மேல்பகுதி அகலமாக வாய் பிளந்திருக்கும். சுவரின் நடுப்பகுதி இறங்கினால் இரண்டு பக்கத்துக் கோடும் நடுவை நோக்கிக் கூரை போல ஏறும், கீழ்ப்பகுதி அகலமாக இருக்கும். மாமா அந்த ஹாலில் நின்று காலண்டர் சுவரைப் பார்த்தார், வெளியே போனார், வடகிழக்கு மூலையைக் காட்டி "இந்த மூலை போகுது" என்றார். அங்கே மூன்றடி தள்ளி, தரைக்குள் தண்ணீர்த் தொட்டி. சமையலறைக் கழிவுநீர்க் குழாயும் அதே மூலையைச் சுற்றித்தான் போகிறது.

அதனால் கோடு காட்டும் மூலைக்கு வெளியே போய்ச் சுற்றிப் பாருங்கள். கசியும் தொட்டி, உடைந்த சாக்கடைக் குழாய், மொட்டை மாடித் தண்ணீர் நேராகக் கடைக்காலில் கொட்டும் பைப், பக்கத்து மனையில் புதிதாகத் தோண்டிய பெரிய வானம் (கடைக்காலுக்கான பள்ளம்), சுவரை ஒட்டி வளர்ந்த பெரிய மரம். களிமண் பூமியில் மரம் கோடைகாலத்தில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும், மண் சுருங்கி அந்தப் பக்கம் உட்காரும். மரத்தை அவசரப்பட்டு வெட்டினாலும் மண் திரும்ப ஊறி எழும்பும், அதனால் அதற்கும் ஒரு ஆளைக் கேட்டே செய்ய வேண்டும்.

மண் என்ன மண் என்று கேளுங்கள். கரிசல் மழையில் ஊதும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். கோவில்பட்டி, விருதுநகர், கோவையின் சில பகுதிகளில் வீடு பார்க்கிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கரிசலுக்கென்றே அடியில் குமிழ் வைத்த பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) கடைக்கால் உண்டு, ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை. பழைய வீடுகளில் அது அபூர்வம், பெரும்பாலும் மூன்று நான்கு அடி வானம் தோண்டி எழுப்பிய கருங்கல் கடைக்கால்தான். சென்னையில் கடலோரம் மணல், மேற்கே தள்ளிப் போகப் போகக் களி, அதோடு தூர்த்த ஏரி, குளங்கள். 1920களில் தி.நகர் உருவானதே மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான், ஆனால் அங்கே நூறு வருஷமாக மண் அழுந்தி இறுகிவிட்டது. இருபது முப்பது வருஷத்துக்கு முன் கட்டடக் கழிவைக் கொட்டி நிரப்பிய மனைதான் கவலைக்குரியது. தெருப்பெயரில் ஏரிக்கரை, தாங்கல், குளக்கரை என்று இருந்தால் அக்கம்பக்கத்தில் வயதானவர்களிடம் பேசிப் பாருங்கள், ஐந்து நிமிஷத்தில் முழுக் கதையும் வந்துவிடும்.

பருவமும் முக்கியம். களிமண் வீட்டில் விரிசல் மே, ஜூனில் நன்றாகத் திறந்திருக்கும், வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் போய்ப் பார்த்தால் மூடிக்கொண்டு நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். முடிந்தால் இரண்டு காலத்திலும் ஒருமுறை பாருங்கள். முடியாவிட்டால் கதவுகளை மூடித் திறந்து பாருங்கள். நிலைக்கும் கதவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்றால், கதவின் மேல் மூலையை இழைப்புளியால் சீவியிருந்தால், நிலை கோணியிருக்கிறது. தரையில் கோலிகுண்டை விட்டால் எல்லா அறையிலும் ஒரே பக்கம் உருள்கிறதா என்றும் பாருங்கள், ஒரு அறையில் மட்டும் உருண்டால் அது தரை போட்டவர் விட்ட வாட்டமாகவும் இருக்கலாம்.

பழைய கட்டும் புதுக் கட்டும் சேரும் இடத்தில் செங்குத்துக் கோடு

பின்னால் சேர்த்த சமையலறை, படிக்கட்டு ரூம், போர்ட்டிகோ. பழைய சுவரின் செங்கலோடு கோத்து, பல் விட்டுக் கட்டாமல் சும்மா ஒட்டிவைத்திருப்பார்கள், புதுக் கடைக்கால் தனியாக உட்காரும். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம் என்றால் இரண்டு பகுதியும் நேராகப் பிரிந்து நிற்கின்றன, நிலைத்திருந்தால் அதை இணைப்பாகவே விட்டு சீலன்ட் போடலாம். மேலே அகலம் கூடினால் சேர்த்த பகுதி வெளியே சாய்கிறது, தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள்.

இங்கே இன்னொன்று கேட்க மறக்காதீர்கள்: மேல்மாடி எப்போது கட்டியது? ஒரு தளத்துக்குப் போட்ட கடைக்காலில் பத்து வருஷம் கழித்து இரண்டு தளம் ஏற்றிய வீடுகள் ஏராளம். ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுத்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். 9 அங்குலச் சுவர் மேல் தளத்தில் இருந்து, நேர் கீழே சுவரும் பீமும் இல்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள், இன்ஜினியர் வராமல் மேலே பேச வேண்டாம்.

பில்லர், பீம், சீலிங்கில் நேர்கோடு, பழுப்புக் கறை

சீலிங்கில் இணைகோடுகளாக, அல்லது பில்லரின் ஓரத்தில் மேலிருந்து கீழாக விரிசல் ஓடினால், அது உள்ளே கம்பி போகும் பாதை. கம்பி துருப்பிடித்தால் இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் அடைக்கும், அந்த வீக்கம்தான் கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. முதலில் தலைமுடிக் கோடு, அப்புறம் பழுப்புக் கறை, அப்புறம் ஒருநாள் சீலிங்கிலிருந்து ஒரு பாளம் படுக்கையில் விழும். பூசி மறைத்தால் உள்ளே துரு நிற்காது, நடந்துகொண்டேதான் இருக்கும்.

கடலோரத்தில், பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் போன்ற இடங்களில் உப்புக்காற்றே இதைச் செய்துவிடும். உப்புத்தண்ணீரில் கலவை போட்ட வீடானால் கடலிலிருந்து எவ்வளவு தள்ளியிருந்தும் இதே கதைதான். குளியலறைக்குக் கீழே இருக்கும் சீலிங், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்கும் பீம், பில்லர் தரையைத் தொடும் அடிப்பகுதி, இந்த மூன்றையும் டார்ச் வைத்து நிதானமாகப் பாருங்கள். பால்ஸ் சீலிங் இருந்தால் லைட் ஓட்டை வழியாவது மொபைலை நுழைத்து ஒரு வீடியோ எடுங்கள். நான் பார்த்த ஒரு பிளாட்டில் ஹால் முழுக்க அழகான ஜிப்சம் சீலிங். அப்படி எடுத்த வீடியோவில் மேலே ஸ்லாபின் கம்பி நான்கு வரி, மீன் முள் மாதிரி வெளியே தெரிந்தது, இடையில் இருந்த கான்கிரீட் உதிர்ந்து ஜிப்சம் பலகை மேலேயே கிடந்தது.

இன்ஜினியரைக் கூட்டி வந்தால் அவர் ஒரு சின்ன இடத்தை உடைத்து ஃபீனாப்தலீன் கரைசல் தெளிப்பார். கான்கிரீட் நல்ல நிலையில் இருந்தால் அடர்ந்த ரோஜா நிறமாகும், காரத்தன்மை போயிருந்தால் நிறமே வராது. நிறம் வராத ஆழம் கம்பி வரை போயிருந்தால் கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது. உப்பால் வரும் துருவை மட்டும் இது காட்டாது, கடலோர வீட்டுக்கு குளோரைடு சோதனையும் கேளுங்கள். கான்கிரீட்டின் உறுதியைப் பார்க்க ரிபவுண்ட் ஹேமர், அல்ட்ராசானிக் சோதனைகளும் உண்டு, வீட்டை உடைக்காமலே செய்யலாம். ஒரு பில்லரில் மட்டும் என்றால் சரிசெய்துகொள்ளலாம். பல பில்லர், பாதி ஸ்லாப் என்றால் மனை விலைக்குத்தான் பேச வேண்டும்.

பால்கனி, சன்ஷேட்: மேல் பக்கத்தைப் பாருங்கள்

எல்லோரும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் ஸ்லாபில் இழுவிசை மேல் பக்கம்தான், அதனால் முக்கியக் கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி கீழே இறங்கிவிடுவது நிறைய இடத்தில் நடக்கும். பால்கனித் தரையில் சுவரை ஒட்டி நீளமாக ஒரு விரிசல் போனால், அதுவும் நுனி கொஞ்சம் தொங்கியிருந்தால், அதன் மேல் நிற்காதீர்கள். குழந்தைகளைக் கூட்டிப்போய் வீடு பார்க்கிறவர்கள் இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

சுவர் வயிறு தள்ளி, நடு உயரத்தில் படுக்கைக்கோடு

பக்கவாட்டில் நின்று ஒரு கண்ணை மூடிச் சுவரோரமாகப் பாருங்கள். சுவர் நடுவில் புடைத்திருந்தால், தூக்குக்குண்டு மேலே ஒட்டி நடுவில் தட்டினால், சுவர் தாங்கும் சக்தியை இழந்துகொண்டிருக்கிறது. பேரம் பேச வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சுண்ணாம்புக் கட்டு, மெட்ராஸ் டெரஸ் வீடுகள்

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகள். மர உத்திரங்களின் மேல் செங்கலைச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கிப் போட்ட மேல்தளம்தான் மெட்ராஸ் டெரஸ். இவற்றில் சின்ன விரிசல்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை, சுண்ணாம்புக் கலவை கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், மெல்லிய கீறல்களைத் தானே அடைத்துக்கொள்ளவும் செய்யும். கெடுப்பது மேலே பூசிய சிமென்ட்தான். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, உப்பு பூத்து, பூச்சைத் தள்ளும். சீலிங்கில் தேக்கு உத்திரங்கள் சுவருக்குள் நுழையும் முனையைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள், ஊசி மெத்தென்று இறங்கினால் முனை இற்றுவிட்டது அல்லது கரையான். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டினால் மட்டும் போதாது, வேர் உள்ளே எவ்வளவு பிளந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் கையில் இருந்தால் மட்டும் இந்த வீடுகளை வாங்குங்கள்.

நகர்கிறதா என்று உறுதிப்படுத்துவது

விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், நீண்டால் தெரியும். பெயின்டைச் சுரண்டிவிட்டு, விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லை வைத்து இரு முனையும் எம்-சீல் போட்டு ஒட்டுங்கள், சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். எவ்வளவு நகர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் இரண்டு பக்கமும் ஒரு ஸ்க்ரூ அடித்து, இடைவெளியை வெர்னியர் காலிப்பரால் மாதம் ஒருமுறை அளக்கலாம். விற்கிறவர் இதற்குச் சம்மதிக்கிறாரா என்பதிலேயே பாதி பதில் கிடைத்துவிடும்.

அக்ரிமென்ட் போடுவதற்கு முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை ஒருமுறை கூட்டிப்போங்கள், புரோக்கர் சொல்லும் ஆளை வேண்டாம், நீங்களே தேடிப் பிடித்த ஆளாக இருக்கட்டும். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், பதிவு முடிந்தபின் அந்தப் பணம் திரும்பாது. அதோடு ஒப்பிட்டால் இன்ஜினியர் வாங்குவது சின்னத் தொகை. அவர் எழுதிக் கொடுக்கும் பழுதுச் செலவை வைத்து விலை பேசுங்கள், வாய்மொழியாக "கொஞ்சம் விரிசல் இருக்கே" என்று இழுத்தால் யாரும் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார்கள்.

அந்த 1986 வீட்டுக்காரர் சம்மதித்தார். மூன்று கண்ணாடி ஒட்டினோம், ஜூன் கடைசிக்குள் இரண்டு உடைந்துவிட்டது. மூலையில் குழி தோண்டிப் பார்த்தபோது கழிவுநீர்க் குழாயின் ஒரு ஜாயின்ட் முழுசாக விட்டிருந்தது, கடைக்காலுக்கு அடியில் மண் கூழாக இருந்தது. ஜூலையில் குழாயை மாற்றி, இன்ஜினியர் சொன்னபடி அந்த மூலைக்கு அடியில் கான்கிரீட் போட்டுத் தாங்கல் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 2ஆம் தேதி போட்டுப் புதுசாக மூன்று கண்ணாடி ஒட்டியிருக்கிறோம். இந்த மழைக்காலம் போகட்டும், பொங்கல் கழிந்து மாமாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறேன். அதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால் வாங்கட்டும், கண்ணாடி எதற்கு ஒட்டியிருக்கிறது என்று அவர்களுக்கும் சொல்லிவிடும்படி வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன்.